'டீலருக்கு மட்டும்'

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் செங்காங்கில் என் அக்கா மகள் ஷர்மிளா வீட்டில் மதியச் சாப்பாடு. ரசத்துக்கு வரும் நேரத்தில் அவள் கைபேசியைப் பார்த்துப் புலம்ப ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர்களுக்கு உதவி செய்யும் வேலை அவளுக்கு.

"பாருங்க சித்தி, இந்த ப்ராப்ளத்துக்கு ஆன்சர் சாஃப்ட்வேர் செஞ்சவங்க வெப்சைட்லயே இருக்கு. ஆனா கஸ்டமர் ரீசெல்லர்கிட்ட வாங்கினதால அந்த பேஜ் அவங்களுக்கு ஓபன் ஆகாதாம். ரீசெல்லர் மூலமாதான் கேக்கணுமாம். ரீசெல்லர் லீவுல இருக்காரு லா."

நான் அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் தரமாட்டான் என்று சொல்வார்கள். நான் அப்படி ஒரு பூசாரியாக இருந்தவள். கோயில் சாவி எங்கள் கையில்தான் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதே பூட்டு தொங்குகிறது என்று கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறு என்றாகிவிட்டது. "உட்காரு, ஒரு கதை சொல்றேன்" என்றேன். அவள் பாதியில் எழுந்து ஜூம் மீட்டிங்குக்குப் போய்விட்டாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. எழுபதுகளில் பள்ளி முடித்து, தட்டெழுத்துக் கற்று, ஒரு கப்பல் கம்பெனியில் அட்டைகளில் ஓட்டை போடும் பெண்களில் ஒருத்தியாகச் சேர்ந்தேன். பெரிய கம்ப்யூட்டருக்கு அந்த அட்டைகள்தான் தீனி. அந்தக் காலத்தை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: விரல் வலித்தது, காது வலித்தது, சம்பளம் வந்தது. எண்பதுகளில் மேசைமேல் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டர்கள் வந்தன. மளிகைக் கடை, அச்சகம், இரும்புச் சாமான் கடை என்று ஆளாளுக்கு வாங்க ஆரம்பித்தார்கள். நானும் அட்டையை விட்டுவிட்டு, தேக்காவில் கெர்பாவ் ரோட்டுக் கடைவீடு ஒன்றின் மாடியில் இருந்த டீலர் அலுவலகத்தில் சேர்ந்தேன். கீழே கோப்பிக்கடை, மேலே நாங்கள். காலையில் இரண்டிரண்டு படியாக ஏறுவேன். இன்றைக்கு எந்த மெஷின் என்ன சேட்டை செய்யுமோ என்று அவ்வளவு ஆசை.

நாங்கள் விற்றது சிட்னியில் ஒரு கம்பெனி செய்த புரோகிராம். சரக்கு இருப்பையும் பில்லையும் பார்த்துக்கொள்ளும். அதில் கோளாறு வந்தால் என்ன செய்வது என்று சிட்னிக்காரர்கள் எழுதி அனுப்பும் தாள்களெல்லாம் ஒரு தடித்த வளைய பைண்டரில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் சிவப்பில் ஒரு முத்திரை: டீலருக்கு மட்டும். அந்தப் பைண்டரை வாடிக்கையாளர் கையில் தரக்கூடாது, நகல் எடுக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. காசு கொடுத்துப் புரோகிராமை வாங்கியவர், அது கெட்டால் எப்படிச் சரிசெய்வது என்பதை மட்டும் பார்க்கக்கூடாது. நல்ல நியாயம்.

ஆனால் வாயால் படித்துக் காட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் மேனேஜர் லாசர் சார். அதனால் எங்கள் வேலையே படித்துக் காட்டுவது என்றாகிவிட்டது. வாடிக்கையாளர் ஃபோன் செய்வார். நான் பைண்டரை விரித்து, சரியான பக்கத்தைப் பிடித்து, வரிவரியாகப் படிப்பேன். அந்தப் பக்கம் அவர் அதைச் செய்துகொண்டே வருவார். தொடங்கும்போது தவறாமல் ஒன்று சொல்ல வேண்டும். "எழுதிக்காதீங்க. கேட்டுக் கேட்டுச் செய்யுங்க." நாளெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி, வீட்டில் அம்மாவுக்கு மருந்துச் சீட்டைப் படிக்கும்போதுகூட "எழுதிக்காதீங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன்.

லாசர் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைச் சொல்ல முடியாது. ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளைச் சட்டை. தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் படிப்பவர். ஃபோனிலும் அதே குரல்தான். அவசரமே கிடையாது. ஒவ்வொரு வரி முடிந்ததும் "முற்றுப்புள்ளி" என்று சொல்லி, மூச்சு விட்டு, அடுத்த வரிக்குப் போவார். வாடிக்கையாளர் கத்தினாலும் அந்த முற்றுப்புள்ளி விழாமல் அடுத்த வரி வராது.

சிட்னியிலிருந்து சில மாதங்களுக்கு ஒருமுறை கனமான உறை வரும். உள்ளே திருத்திய புதிய பக்கங்கள். உறை வந்ததும் லாசர் சார் பேசாமல் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருவார். துண்டால் விரல்விரலாகத் துடைப்பார். பைண்டரைத் திறந்து பழைய பக்கத்தை எடுத்து, புதியதைச் செருகி, பழையதை நான்காகக் கிழித்து பிஸ்கட் டின்னில் போடுவார். எல்லாம் முடிந்ததும் 'பழைய பக்கங்கள் அழிக்கப்பட்டன' என்று சிட்னிக்கு ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். பைண்டர் இரும்பு அலமாரிக்குள் போகும். சாவி அவர் சட்டைப்பையில். "இது என்ன சார், வேதப் புத்தகமா?" என்று நான் சீண்டுவேன். "வேதத்துல திருத்தம் வராது, பிலோமினா" என்பார். சிரிக்கமாட்டார்.

எங்கள் வாடிக்கையாளர்களில் எனக்கு மிகவும் பிடித்தவள் ராஜேஸ்வரி. ரோவல் ரோட்டில் முத்தையா என்பவர், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, எண்ணெய், காய்கறி, சோப்பு வரைக்கும் சப்ளை செய்துவந்தார். அவருடைய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் ராஜேஸ். அதற்கு முன்னால் ஜூரோங்கில் ஒரு ஃபேக்டரியில் மூன்று ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்த்து, மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் கற்று, இந்த நாற்காலிக்கு வந்தவள். "அக்கா, பகல்ல வேலை பாத்துட்டு ராத்திரி தூங்குறது எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அந்த நாற்காலி அவளுக்கு அவ்வளவு பெரிது.

அந்தக் கடையில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபோன் முன்னால் கல்லாப்பெட்டி அருகில் இருக்கும். கம்ப்யூட்டர் பின்னால் ஏர்கான் அறையில். ஃபோன் ஒயர் அதுவரை எட்டாது. நான் படிக்கப் படிக்கக் கல்லாவில் இருப்பவர் உள்ளே கத்துவார், ராஜேஸ் செய்துவிட்டு வெளியே கத்துவாள். வெண்டைக்காய் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் எங்கள் புரோகிராம் பாதி தெரிந்திருக்கும்.

ஒரு நாள் காலை ராஜேஸ் ஃபோன் செய்தாள். 

"அக்கா, எல்லாம் ஜீரோ ஆயிடுச்சு. அரிசி ஜீரோ, எண்ணெய் ஜீரோ, எல்லாமே. சரக்குப் பட்டியல் தப்பா வருதேன்னு, போன வருஷம் நீங்க சொன்ன மாதிரியேதான் அக்கா செஞ்சேன். பட்டியல் ஃபைலை அழிச்சுட்டு, கம்ப்யூட்டரையே அதைப் புதுசா கட்டச் சொன்னேன். முதலாளி பின்னாலதான் நிக்கிறாரு. நாளைக்கு நீ வர வேணாம்னு சொல்லிட்டாரு."

சாயங்காலம் கிளிஃபர்ட் பியர் படகுத்துறையிலிருந்து படகு கிளம்ப வேண்டும். எந்தக் கப்பலுக்கு என்ன சரக்கு என்ற பட்டியல் அச்சாகாமல் ஒரு மூட்டையும் நகராது.

நான் லாசர் சாரிடம் பைண்டரை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.  பக்கம் மாறியிருந்தது. சில மாதங்களுக்கு முன் நாங்கள்தான் அவர்களுக்குப் புரோகிராமின் புதிய பதிப்பைப் போட்டுக் கொடுத்தோம். புதிய பதிப்பில் பட்டியல் ஃபைலை நேரடியாக அழிக்கவே கூடாது, முதலில் வேறொரு கட்டளை கொடுக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே இருந்தது. தெரியாமல் அழித்துவிட்டால் மீட்கும் வழியும் கீழே இருந்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: அழித்த பிறகு புதிதாக ஒரு கணக்குகூட உள்ளே தட்டியிருக்கக்கூடாது.

"ராஜேஸ், அதுக்கப்புறம் கணக்கு ஏதாச்சும் டைப் பண்ணியா?"

"இல்ல அக்கா. முதலாளி எல்லாத்தையும் திரும்ப அடிக்கச் சொல்றாரு. இப்பதான் உக்காரப் போறேன்."

"உக்காராதே. கீபோர்டைத் தொடாதே. யாரையும் தொட விடாதே."

மீட்கும் வழி இரண்டு பக்கம் நீளம். ஒவ்வொரு வரிக்கும் திரையைப் பார்த்து, என்ன வந்தது என்று ஒப்பிட்டு, அடுத்தது எதுவென்று முடிவெடுக்க வேண்டும். அதைக் கல்லாப்பெட்டி வழியாகக் கத்திச் செய்ய முடியுமா? லாசர் சாரிடம் ஓடினேன். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன்.

"பக்கத்தைப் பிரிக்கக்கூடாது."

"ஜெராக்ஸ் எடுக்கட்டுமா?"

"கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்."

எனக்குப் பொங்கிவிட்டது. "சார், அந்தப் பொண்ணு வேலை போகப் போகுது. நாம படிச்சதைத்தான் அவ செஞ்சா. நம்ம பக்கத்தை நாம மாத்திக்கிட்டோம், அவகிட்ட யாரு சொன்னா? வழி இந்த அலமாரிக்குள்ள இருக்கு, அவ அங்க அழுதுகிட்டு நிக்கிறா. இது என்ன சார் நியாயம்?"

 அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்பந்தத்தை எடுத்து ஒரு பத்தியை விரல் வைத்துப் படித்தார். பிறகு என் கையிலிருந்த பைண்டரை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "வாங்க" என்று படியிறங்கினார்.

கெர்பாவ் ரோட்டிலிருந்து சிராங்கூன் ரோட்டைக் கடந்து நாங்கள் நடந்த அந்த நடை இன்னும் என் காலில் இருக்கிறது. பூக்கடைகள், வெற்றிலைக் கடை, மசாலா அரைக்கும் வாசனை, லாரிகளின் ஹாரன். தேவாலய நற்கருணைப் பவனியில் குருவானவர் நடப்பதுபோல் லாசர் சார் பைண்டரை ஏந்திக்கொண்டு நேராக நடந்தார். நான் முன்னால் ஓடி வழி விலக்கினேன். அந்தப் பைண்டர் வெயிலைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பயமும் சந்தோஷமும் சேர்ந்து எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

முத்தையா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஒங்க கம்ப்யூட்டர் என் அரிசியெல்லாம் தின்னுடுச்சு லா. இந்தப் பொண்ணு வேற என்னத்தையோ அழிச்சுட்டா."

லாசர் சார் வணக்கம் சொல்லிவிட்டு நேராக ஏர்கான் அறைக்குள் போனார். ராஜேஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து, பைண்டரைத் தன் மடியில் விரித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்க கையில தரக்கூடாது. அதனால நான் பிடிச்சுக்கிறேன். நீங்களே படிச்சு, நீங்களே செய்யுங்க."

ராஜேஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் குனிந்து படிக்க ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, இந்த வரியை அன்னிக்கு எனக்குப் படிக்கலையே."

கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒரு நாள்காட்டித் தாள் ஒட்டியிருந்தது. அதன் பின்பக்கத்தில் போன வருஷம் நான் படித்துச் சொன்னதெல்லாம் அவளுடைய சின்னக் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. எழுதிக்காதீங்க என்று நான் சொன்ன அந்த நொடியிலேயே எழுதியிருக்கிறாள். யார்தான் எழுதாமல் இருப்பார்கள்?

முத்தையா கதவருகில் வந்து நின்றார். நான் லாசர் சாரைப் பார்த்தேன். எழுதிக்கொள்ளக்கூடாது என்று நாங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறோம், எழுதியது அவர்கள் தவறு என்று அவர் சொல்லலாம். ஒப்பந்தப்படி அது சரி. அதைச் சொன்னால் எங்கள் அலுவலகம் தப்பித்துவிடும், ராஜேஸ் ஜூரோங்குக்குத் திரும்பிவிடுவாள்.

"அன்னிக்கு இந்த வரி கிடையாது" என்றார் லாசர் சார், பூசையில் படிக்கும் அதே குரலில். "பிறகுதான் சேர்த்தாங்க. எங்க பைண்டர்ல மாத்திட்டோம். உங்களுக்குச் சொல்லல. இந்தம்மா செஞ்சது நாங்க சொன்னதைத்தான்."

"அப்ப தப்பு யார் மேல?" என்றார் முத்தையா.

"எங்க மேல. எழுதிக் கொடுக்கச் சொன்னா எழுதிக் கொடுக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, "முற்றுப்புள்ளி" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்வதில் வெட்கமில்லை.

ராஜேஸ் படித்தாள், தட்டினாள், திரையைப் பார்த்தாள், மறுபடி படித்தாள். அவள் தலையசைத்தால் லாசர் சார் பக்கத்தைத் திருப்புவார். படித்துக் காட்ட அங்கே எனக்கு வேலையே இல்லை. ஃபோனில் அவளைக் கூட்டிக்கொண்டு போன நேரமெல்லாம் அவள் கண்ணைக் கட்டிவிட்டு நடத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. தாளைக் கண்ணால் பார்த்ததும் அவள் வேகமே வேறு. மேலே போய் ஒரு வரியைச் சரிபார்க்கிறாள், கீழே என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறாள். கடைசிக் கட்டளையைக் கொடுத்ததும் திரை கொஞ்ச நேரம் வெறுமையாக நின்றது. பிறகு அரிசி வந்தது. எண்ணெய் வந்தது. வெங்காயம், சோப்பு, சார்டின் மீன் டின், ஒவ்வொன்றாக எண்ணிக்கையோடு ஏறி வந்தன. ராஜேஸ் பிரிண்டரைத் தட்டிவிட்டாள். அது கரகரவென்று கப்பல் பட்டியலை அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சங்கீதத்தை நான் கச்சேரியில்கூடக் கேட்டதில்லை.

முத்தையா மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பித் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிவரச் சொன்னார். வந்ததும், "மொதல்ல ராஜேஸுக்குக் குடு. நாளைக்கு ஆந்திரா அரிசி கணக்கு பாக்கணும், சீக்கிரம் வந்துரு" என்றார். அவ்வளவுதான். ராஜேஸ் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் லாசர் சார் தட்டெழுத்து மெஷின் முன் உட்கார்ந்தார். பைண்டரை வெளியே கொண்டுபோனது, வாடிக்கையாளரைப் படிக்கவிட்டது, தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டது, எல்லாவற்றையும் சிட்னிக்குத் தானே எழுதினார். "யார் சார் கேட்டா? டீலர்ஷிப்பைப் பிடுங்கிட்டா?" என்று நான் குதித்தேன். "ஒளிச்சு வைக்கிற மாதிரி நான் ஒண்ணும் செய்யலையே" என்றார். இந்த மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

சிட்னியிலிருந்து ஒருவர் வந்தார். உயரமான ஆள், வெயிலில் சிவந்த கழுத்து. பைண்டரை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நான் முடிவே செய்துவிட்டேன். லாசர் சார் அவரிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "எங்கள் வாடிக்கையாளர்களைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி டாக்ஸியில் ஏற்றினார்.

முதலில் ராஜேஸின் நாள்காட்டித் தாள். அடுத்து அச்சகம் ஒன்றில் சிகரெட் அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதியது. ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடையில் சுவரிலேயே பென்சிலால், சீனத்தில். கிளமெண்டியில் ஒரு மருந்துக்கடையில் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு விதமாக எழுதி இரண்டையும் ஒட்டி வைத்திருந்தார்கள். எல்லாமே எங்கள் வாயிலிருந்து போனவை. பாதிக்குமேல் சிட்னி எப்போதோ மாற்றிவிட்ட பழைய பக்கங்கள். யாரும் எழுதவே இல்லை என்று நாங்கள் எல்லோரும் பாவனை செய்ததால், மாறிவிட்டது என்று யாரிடமும் சொல்ல வழியில்லாமல் போயிருந்தது.

மருந்துக்கடை வாசலில் சிட்னிக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய பக்கங்களை அழித்ததாக நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்களே என்று கேட்டார்.

"எங்களிடம் இருந்ததை அழித்தோம்" என்றார் லாசர் சார். "ஊரில் இருப்பதை எப்படி அழிப்பது?"

 அந்த மனிதர் சிரித்துவிட்டார். டாக்ஸியில் வழிநெடுகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குப் பின் சீட்டில் உட்காரவே முடியவில்லை. நடுநடுவே தலையை நீட்டிப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களை நாங்கள் பதிவு செய்து அனுப்பினால், அவர்களுக்கும் ஒரு பைண்டர். திருத்திய பக்கங்களும் அவர்கள் முகவரிக்கே நேராகப் போகும். ராஜேஸின் பைண்டரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்பு முத்திரை அதில் இல்லை. அவள் நாள்காட்டித் தாளை மெதுவாக உரித்து எடுத்து, நான்காகக் கிழித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் ஃபோன் அடித்தது.

"அக்கா, ராஜேஸ் பேசுறேன். புதுப் பக்கம் வந்துடுச்சு, ஒங்களுக்கு வந்துச்சா?"

வரவில்லை. எங்கள் உறை ஊர் சுற்றிக்கொண்டு வரும்போல. என்ன மாறியிருக்கிறது என்று பரபரப்பாகக் கேட்டேன்.

"படிக்கிறேன், கேளுங்க."

நான் அவசரமாக மேசையில் பேனாவைத் தேடினேன். அந்தச் சலசலப்பு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"எழுதிக்காதீங்க அக்கா" என்றாள். "சும்மா கேளுங்க. அப்புறம் இதுவும் மாறிடும்."

பேனாவைக் கீழே வைத்தேன். அவள் வரிவரியாகப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் பிறகு "முற்றுப்புள்ளி" என்றாள்.

"யாரு ஃபோன்ல?" என்றார் லாசர் சார்.

"ராஜேஸ்தான், சார். பக்கம் மாறிடுச்சாம். அவளுக்கு வந்துடுச்சு, நமக்கு இன்னும் வரல."

அவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, விரல்விரலாகத் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து ரிசீவரோரம் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தார்.